மரம் ‘மாம்’ ஆகாமல்: தமிழில் தடித்த ஸ்டென்சில் எழுத்துரு செய்ய முழு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, தோட்டத்தில் ரப்பர்ப் பால் சேர்க்கும் பால் ஸ்டோர் ஒன்றின் சுவரில் நான் அடித்த முதல் தமிழ் ஸ்டென்சில் ‘பால் மரம்’. தகட்டை எடுத்துவிட்டுப் பார்த்தால் சுவரில் ‘பால் மாம்’ என்று இருந்தது. ர-வின் அடியில் இறங்கும் சாய்வை உடம்பிலிருந்து பிரிக்க நான் ஓர் இடைவெளி விட்டிருந்தேன். அது அகலமாகிப் போனதால் சாய்வு தனிக்கீறலாக ஒதுங்கிவிட்டது. மேலே மிஞ்சியது துணைக்காலாகிவிட்டது. ஆங்கில எழுத்துக்கான விதியை அப்படியே தமிழின்மேல் வைத்ததால் வந்த பிழை அது. தமிழுக்கு எந்த விதி பொருந்தும் என்று எழுத்து எழுத்தாக வெட்டிப் பார்த்துக் கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

நாம் செய்யப்போவது தடித்த, வடிவியல் சார்ந்த, ஆலை வாசனை அடிக்கிற ஒரு தலைப்பு எழுத்துரு. சுவரெழுத்து, அறிவிப்புப் பலகை, ஜெர்சி, நிகழ்ச்சிச் சுவரொட்டி, மேடைப் பின்னணி, விளையாட்டுச் செயலியின் முகப்பு போன்றவற்றுக்கு அது பொருந்தும். பத்தி பத்தியாக வாசிக்க அது உதவாது. அதற்கு முயலவும் வேண்டாம்.

தகடு எப்படி வேலை செய்கிறது

இந்த வட்டாரத்துக்கு ஸ்டென்சில் புதிதல்ல. பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அந்த மரத்தின் வழிவந்த தொழிலில் தகடு எப்போதும் உண்டு. புகையூட்டிய ரப்பர் ஷீட்டை 111.11 கிலோ கட்டாக அமுக்குவார்கள். ஒன்பது கட்டு ஒரு டன். கட்டின்மேல் பூச்சு பூசி, தகரத் தகட்டை வைத்து, தரக்குறியையும் தோட்டத்தின் குறியையும் மையால் அடிப்பார்கள். ‘ஆர்.எஸ்.எஸ். 1’ என்ற புகையூட்டிய ஷீட்டின் தரக்குறியை எங்கள் தாத்தாக்கள் ஆங்கிலம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கட்டின்மேல் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். நான் பார்த்த தகடுகள் எதிலும் தமிழ் இல்லை. தமிழ் வேண்டிய இடத்தில் யாராவது தூரிகையால் எழுதினார்கள்.

பழைய தகடு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் கணக்கு உடனே புரியும். ஆங்கில ‘ஓ’வைச் சுற்றி வெட்டினால் நடுவில் உள்ள தகரம் கீழே விழுந்துவிடும். விழாமல் இருக்க இரண்டு பக்கமும் சிறு தகரப்பட்டை விட வேண்டும். அந்தப் பட்டையைத்தான் பாலம் என்கிறேன். தகட்டில் பாலமாக இருப்பது சுவரில் எழுத்தின் இடைவெளியாக விழும். ஸ்டென்சில் எழுத்தின் அழகு முழுக்க அந்த இடைவெளி எங்கே விழுகிறது என்பதில்தான் இருக்கிறது.

வடிவமைப்பாளர்கள் இதை அலங்காரமாக எடுத்துக்கொண்டது 1920களில். யோசெஃப் ஆல்பர்ஸ் 1926 வாக்கில் சதுரம், முக்கோணம், கால்வட்டம் என்று மிகச் சில வடிவங்களை மட்டும் அடுக்கி ஒரு ஸ்டென்சில் எழுத்தைக் கட்டினார். பவுல் ரென்னரின் ‘ஃபியூச்சுரா பிளாக்’ 1929இல் வந்தது. இன்று இராணுவப் பெட்டி என்றதும் நினைவுக்கு வரும் ‘ஸ்டென்சில்’ எழுத்து 1937இல் வந்தது. அதே ஆண்டில் ஜெர்ரி பவலும் ராபர்ட் ஹண்டர் மிடில்டனும் தனித்தனியே ஒரே பெயரில் எழுத்து வெளியிட்டார்கள். ‘எதிர்காலத் தோற்றம்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஆல்பர்ஸின் வழிதான்: குறைந்த வடிவங்கள், ஒரே தடிமன், கூரிய வெட்டு.

படி 1: மூடியதையும் திறந்ததையும் பிரியுங்கள்

கணினியைத் திறக்காதீர்கள். கட்டம் போட்ட கணக்குப் புத்தகம் ஒன்றில் எல்லா எழுத்தையும் ஒரே தடிமனில் எழுதுங்கள். உள்ளே மூடிய வெளி உள்ள எழுத்துகளுக்குச் சிவப்பு மை, இல்லாதவற்றுக்கு நீலம்.

ட, ப, ய, ர, துணைக்கால் ஆகியவை நீலம். இவற்றை அப்படியே வெட்டலாம், எதுவும் விழாது. க, ம, வ, ல, ள, ன, ண, ழ, கொம்புகள், ஈகாரத்தின் மேல்சுழி எல்லாம் சிவப்பு. புள்ளிக்குக் கவலை இல்லை, அது ஒரு தனி ஓட்டை. ஆய்தத்தை மூன்று திடமான புள்ளியாக வைத்துக்கொண்டால் அதுவும் அப்படியே.

நீல எழுத்துகளுக்குப் பாலம் தேவையில்லை என்றாலும் சிலவற்றில் வெட்டு வைக்கத்தான் வேண்டும். ‘படம்’ என்ற சொல்லில் ம மட்டும் உடைந்து, ப-வும் ட-வும் முழுசாக நின்றால் மூன்றும் வேறு வேறு எழுத்துருவிலிருந்து வந்தவை போல இருக்கும்.

படி 2: அடையாளம் எங்கே இருக்கிறது என்று குறியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

தமிழில் பல எழுத்துகளுக்கு உடம்பு ஒன்று, அடையாளம் ஒன்று. ர-வுக்கும் துணைக்காலுக்கும் உடம்பு ஒன்றே. அடிச்சாய்வு மட்டும் வேறு. க, ச, த மூன்றுக்கும் இடப்பக்கம் ஏறக்குறைய ஒன்றுதான், வலப்பக்கத்தில்தான் பிரிகின்றன. எ-வை ஏ ஆக்குவது ஒரு சாய்வு, ஒ-வை ஓ ஆக்குவது ஒரு சுழி. பள்ளியில் ன-வை ரெண்டு சுழி என்றும் ண-வை மூணு சுழி என்றும் சொல்லித் தந்தார்கள். அந்த எண்ணிக்கைதான் அவற்றின் அடையாளம்.

விதி இதுதான்: பொதுவான உடம்பில் வெட்டுங்கள், அடையாளத்தில் வெட்டாதீர்கள்.

க, ச, த-வுக்குப் பாலம் இடப்பக்கச் சுழியில். வலப்பக்கத்தைத் தொடாதீர்கள். ர-வில் மேல்கோட்டின் நடுவில் வெட்டு. அடிச்சாய்வு உடம்போடு ஒட்டியே இருக்க வேண்டும். துணைக்காலுக்கு வெட்டே வேண்டாம். அப்படிச் செய்தால் ர-வுக்கும் காலுக்கும் நடுவில் இரண்டாவது வேறுபாடு ஒன்றும் கிடைக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குச் சாய்வு தெரியாவிட்டாலும் மேல்வெட்டு தெரியும்.

எ, ஏ விஷயத்தில் கூடுதல் மரியாதை தேவை. தொல்காப்பியர் காலத்து வழக்கில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி வைத்தார்கள், நெடிலுக்குப் புள்ளி இல்லை. இன்று நாம் எழுதும் ஏ, ஓ வடிவங்கள் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் என்று சொல்லப்படுகிறது. ‘எண்ணெய்’, ‘ஏணி’ இரண்டும் ஆலையில் தினமும் புழங்கும் சொற்கள். அந்தச் சாய்வில் வெட்டு விழுந்தால் நெடில் குறிலாகிவிடும்.

ன, ண-வுக்கு வேறு வகைக் கவனம். சுழியே அடையாளம், சுழிக்கே பாலமும் வேண்டும், தப்பிக்க வழியில்லை. இங்கே நான் கண்ட வழி, நெடுங்கோடுகளைத் தொடாமல் கிடைக்கோடுகளை மட்டும் வெட்டுவது. தடித்த எழுத்தில் வாசிப்பவரின் கண் ண-வில் எண்ணுவது நிமிர்ந்து நிற்கும் தண்டுகளைத்தான். தண்டுகள் முழுசாக இருந்தால் எண்ணிக்கை தவறாது. ன-வில் எந்த இடத்தில், எந்தப் பக்கத்தில் வெட்டினீர்களோ, ண-விலும் அதே இடத்தில் வெட்டுங்கள். ஒன்றில் மேலே, மற்றதில் கீழே என்று மாற்றினால் ‘பணம்’ எது, ‘பனை’ எது என்று வாசிப்பவர் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். செம்பனை ஊரில் அது நல்லதல்ல.

என்னை அதிக நாள் பிடித்துவைத்தது ம. அதன் வலப்பக்கப் பெட்டியின் மேல்கோட்டை வெட்டினால் மூன்று தண்டும் ஓர் அடிக்கோடும் மிஞ்சும், அது ய. கீழ்க்கோட்டை மூலையோடு சேர்த்து வெட்டினால் ஒரு ப-வும் ஒரு காலும் ஒட்டி நின்றது போல ‘பா’ என்று படிக்கும். கீழ்க்கோட்டின் நட்டநடுவில், இரண்டு மூலையும் மிஞ்சும்படி வெட்டினால் மட்டுமே ம ம-வாக இருக்கிறது. பெரிய அளவில் இந்த ஒரு பாலம் போதாது, உள்ளே தொங்கும் துண்டு ஆடும், மை கசியும். அப்போது இரண்டாவது பாலத்தை நடுத்தண்டின் பாதி உயரத்தில் குறுக்காக வையுங்கள். நெடுங்கோட்டைத் தொடக்கூடாது என்ற என் விதிக்கு இது ஒரு விலக்கு. அந்த இடத்தில் வெட்டினால் வேறு எந்த எழுத்தும் உருவாவதில்லை, அதனால் அனுமதிக்கிறேன்.

படி 3: அளவுகள்

எழுத்துருக் கட்டம் 1000 அலகு. அதில் எழுத்தின் உடம்புக்கு 600, மேலே புள்ளிக்கும் விலங்குக்கும் (‘கி’, ‘கீ’-யில் வரும் மேல்குறி) 200, கீழே வாலுக்கும் உகரத்துக்கும் 200. தண்டின் தடிமன் 120, அதாவது உடம்பில் ஐந்தில் ஒன்று. பாலம் 40. எழுத்துக்குள் இருக்கும் வெளி குறைந்தது 80. ம-வின் பெட்டிக்கு மட்டும் 160 விடுங்கள். இல்லையென்றால் நடுவில் 40 வெட்டியபின் மூலைகள் மிஞ்சாது.

பாலமும் உள்வெளியும் ஒரே அகலத்தை நெருங்கவே கூடாது. நெருங்கினால் எது எழுத்தின் வடிவம், எது வெட்டு என்று கண்ணுக்குத் தெரியாமல் எல்லாம் கோடு கோடாகத் தெரியும். பாலம் உள்வெளியில் பாதிக்கு மேல் போகக்கூடாது.

இந்த அளவில் ண-வை வரைந்தால் சிக்கல் வரும். ஐந்து தண்டு, நான்கு வெளி என்று வைத்துக்கொண்டால் 920 அலகு. பக்கத்தில் ட பாதி அகலம்கூட வராது. ண வருகிற சொல்லெல்லாம் இருண்டு தெரியும். அதனால் நெருக்கமான எழுத்துகளில் தண்டைக் கொஞ்சம் மெலியச் செய்கிறோம். ண-வுக்குத் தண்டு 105, வெளி அதே 80 என்றால் 845க்கு இறங்கும். கணக்குப்படி தடிமன் மாறிவிட்டது, ஆனால் கண்ணுக்கு எல்லாம் ஒரே தடிமனாகத் தெரியும். ‘வடிவியல் எழுத்து’ என்பதற்காக அளவுகோலைக் கண்ணுக்கு மேலே வைக்காதீர்கள்.

அலகுகளை மில்லிமீட்டராகவும் பார்த்துவிடுங்கள். உடம்பு 60 மி.மீ. உயரம் என்றால் பாலம் 4 மி.மீ.; பிளாஸ்டிக் தாளில் உறுதியாக நிற்கும். 30 மி.மீ. என்றால் பாலம் 2 மி.மீ.; அதுதான் என் எல்லை, அதற்குக் கீழே தகடு வெட்டுவதில்லை. பலகைத் தொழிலில் பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று ஒரு கணக்கு உண்டு. தமிழுக்கு, அதிலும் வெட்டு விழுந்த தமிழுக்கு, ஒன்றரை அங்குலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 4: வரைதல்

மூன்றே மூன்று துண்டுகளை முதலில் செய்யுங்கள்: நேர்த்தண்டு, 45 டிகிரியில் மூலை சீவிய வளைவு, சுழி. பெரும்பாலான எழுத்தை இவற்றிலிருந்தே கட்டலாம்.

சுழியை வட்டமாக வைப்பதா, சதுரமாக்குவதா என்பது எழுத்துருவின் குணத்தையே தீர்மானிக்கும். தமிழில் ஏற்கெனவே இரண்டு குடும்பம் இருக்கின்றன: ட, ப, ம, ய போன்ற பெட்டிக் குடும்பம், வ, ல, ஐ, ஒ போன்ற சுழிக் குடும்பம். எல்லாவற்றையும் சதுரமாக்கினால் இயந்திரத் தோற்றம் உடனே வரும், ஆனால் ல-வும் வ-வும் ஒன்றையொன்று நெருங்கும். நான் எட்டு மூலைச் சுழியை வைத்துக்கொண்டேன். தூரத்தில் வட்டமாகத் தெரிகிறது. கிட்டே வந்தால் மரையாணியின் நட்டுத் தலை மாதிரி இருக்கிறது. ஆலைச் சுவருக்கு அது பொருந்துகிறது.

ப, ட, ம, க, ன, ர இந்த ஆறையும் முதலில் முடியுங்கள். இந்த ஆறும் ஒன்றாக நின்றால் மற்றவை தானாக வரும். ழ-வைக் கடைசியில் வையுங்கள். மேலே ம-வின் சிக்கலும் கீழே வாலின் சிக்கலும் ஒன்றாக வரும். அதன் வாலை உடம்பிலிருந்து வெட்டிப் பிரிக்கவே கூடாது.

படி 5: கொம்பு, கால், விலங்கு, உகரம்

247 எழுத்தையும் வரையத் தேவையில்லை. உயிர் 12, ஆய்தம் 1, மெய்க்கு 18 உடம்பு, துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, இரண்டு மேல்விலங்குகள், ஔகாரச் சிறகு, புள்ளி. கிரந்தத்தில் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ. ‘ஜாலான்’ என்று தெருப்பெயர் எழுதுகிற நாட்டில் ஜ இல்லாமல் ஒரு நாளும் நகராது. கொ, கோ போன்றவை கொம்பையும் காலையும் சேர்த்துத் தானாக அமையும்.

விலங்குகளில் ஸ்டென்சில் நமக்கு ஒரு வசதி செய்கிறது. சாதாரண எழுத்துருவில் ‘கி’ என்றால் விலங்கு க-வோடு ஒட்ட வேண்டும். ஒவ்வொரு மெய்க்கும் ஒட்டுமிடம் வேறு. நமக்கோ 40 அலகு இடைவெளி விட்டுப் பக்கத்தில் வைத்தால் போதும், அந்த இடைவெளியே ஒரு வெட்டு போலத் தெரியும். டி, டீ இரண்டை மட்டும் தனியாக வரையுங்கள். ஈகாரத்தின் சுழியைக் கீழ்ப்பக்கம் திறந்துவிடுங்கள். மூடி, பாலம் வைத்தால் அந்தச் சின்ன இடத்தில் மை அடைத்துக்கொண்டு இகரத்தின் முனை தடித்தது போலாகிவிடும்.

உகரமும் ஊகாரமும் குறுக்குவழி தராத இடம். கு, சு, டு, ணு, மு, ரு ஒன்றுபோல் இல்லை. 18 மெய்க்கு 36 வடிவம். அத்தனையும் வரையத்தான் வேண்டும். 1978இல் தமிழ்நாட்டில் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய கூட்டு வடிவங்களைப் பிரித்துவிட்டது, உகரத்தைத் தொடவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. எழுத்துருவின் பாதி அழகு அந்த 36இல் இருக்கிறது.

படி 6: கணினிக்குள்

இங்க்ஸ்கேப்பில் வரைந்து ஃபாண்ட்ஃபோர்ஜில் கட்டலாம், இரண்டும் இலவசம். மேக் வைத்திருப்பவர்கள் கிளிஃப்ஸ் பயன்படுத்துகிறார்கள், வேலை வேகமாக நடக்கும். இந்த நாட்டிலிருந்தே முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய காலத்தில் தமிழைத் திரையில் காட்டுவதே பெரும் வேலை. இன்று யூனிகோடில் தமிழுக்கென்று 128 இடம் கொண்ட தொகுதி இருக்கிறது, எழுத்துகளை வரிசைப்படுத்தும் வேலையை இயங்குதளமே செய்கிறது. ‘கெ’ என்பதில் கொம்பு கோப்பில் க-வுக்குப் பின்னால் இருக்கும். திரையில் முன்னால் வருவதை நீங்கள் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

நீங்கள் எழுதவேண்டிய மாற்றுவிதிகள் (அடுத்தடுத்து வரும் குறிகளை ஒரே வடிவமாக மாற்றச் சொல்பவை) உகர, ஊகார வடிவங்களுக்கும் டி, டீ, க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றுக்கும். புள்ளி வந்து உட்கார வேண்டிய இடத்தைக் காட்ட ஒவ்வொரு மெய்யின் தலையிலும் ஒரு நங்கூரக் குறி வையுங்கள். புள்ளியின் பக்கம் தண்டைவிடச் சற்று பெரிதாக, 130 இருக்கட்டும், சதுரமாகவே. சின்னப் புள்ளி மையில் மூடிப்போகும். ‘மின்’ என்பது ‘மின’ ஆகிவிடும்.

வெட்டுகளை வடிவத்தின்மேல் வெள்ளைப் பட்டையாக வைத்து ஏமாற்றாதீர்கள். கோட்டுருவையே உண்மையில் பிரித்து வையுங்கள். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் வெள்ளைப் பட்டையைப் பார்க்காது, கோட்டை மட்டும் பின்தொடரும்.

சோதனைக்கு இந்தச் சொற்கள் போதும்: மரம், மாமா, பணம், பனை, எண்ணெய், ஏணி, கொதிகலன், செம்பனை ஆலை, நுழையாதீர், வெளியேறும் வழி, மின்சார அபாயம். உங்கள் எழுத்துருவைப் பார்த்திராத ஒருவரிடம், முடிந்தால் கண்ணாடி போடும் வயதுள்ள ஒருவரிடம், காகிதத்தில் அச்சிட்டு இருபதடி தள்ளி நின்று வாசிக்கச் சொல்லுங்கள். சொல்லைப் படித்துவிட்டாரா என்பதோடு நிறுத்தாமல், எங்கே நின்றார் என்று கவனியுங்கள். அந்த எழுத்துக்குத் திரும்பிப் போங்கள்.

படி 7: வெட்டி, சுவரில் அடித்துப் பாருங்கள்

0.25 மி.மீ. தடிப்புள்ள மைலார் பிளாஸ்டிக் தாள் வாங்குங்கள். ஊரில் ஸ்டிக்கர் கடை இயந்திரம் அந்தத் தடிப்பை எடுக்காவிட்டால் ஈப்போவில் லேசர் வெட்டுபவரிடம் கொடுங்கள். இரும்புத் தகட்டில் பிளாஸ்மாவால் வெட்டுவதானால் பாலம் தகட்டின் தடிப்பைப்போல இரு மடங்காவது இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் சூட்டில் வளைகிறது.

தகட்டின் பின்புறம் மெல்லிய பசை தெளித்துச் சுவரோடு அழுத்துங்கள். நம் ஊர் ஈரத்தில் சுவர் காய்ந்திருப்பதாகத் தோன்றும், காய்ந்திருக்காது. மழைக்கு அடுத்த நாள் காலையில் அடிக்காதீர்கள். தூரிகையானால் குட்டையான, விறைப்பான தூரிகையில் மிகக் குறைவாக மை எடுத்து, நேராகக் குத்திக் குத்தி எடுங்கள். இழுத்தால் மை பாலத்தின் அடியில் புகுந்துவிடும். தெளிப்பானால் ஓர் அடி தள்ளி நின்று மூன்று மெல்லிய சுற்று, நடுவில் காய விட்டு.

பால் ஸ்டோர் சுவரில் புதிய தகட்டை வைத்தபோது பழைய ‘மாம்’ மேல் வெள்ளை அடித்துவிட்டுத்தான் தொடங்கினேன். இம்முறை ர-வின் சாய்வு உடம்போடு ஒட்டி இறங்கியது, மேல்கோட்டின் நடுவில் ஒரு வெட்டு. சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற கோப்பிக் கடைக்காரர் ‘பால் மரம்’ என்று வாய்விட்டு வாசித்தார்.

தகட்டை மை காய்வதற்குள் தின்னரால் துடைத்து, தட்டையாகப் படுக்க வைத்து எடுத்துவையுங்கள். சுருட்டி வைத்தால் முதலில் வளைவது ம-வின் கீழ்ப்பாலம்தான். அதன் பின்புறம் ஒரு சின்ன டேப் ஒட்டி வைத்தால் அடுத்த சுவருக்கும் தாங்கும்.